தீபாவளி மாலைக்குத் தீட்சிதர்: எந்தப் பத்து?

லயப்பிரியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் தீபாவளியன்று சாயங்காலம் மாடியில் ஜமக்காளம் விரித்து ஒரு சின்னக் கச்சேரி வைப்பது வழக்கம். இந்த வருஷம் முழுக்க முத்துசாமி தீட்சிதர் உருப்படிகளே பாடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். 1775இல் திருவாரூரில் பிறந்தவர், 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தது ஒரு தீபாவளி நாளில் என்பதால் அன்றைக்கு அவரை நினைப்பதுதான் பொருத்தம் என்று எல்லோருக்கும் தோன்றியது.

நேரம் ஒன்றரை மணி. பாடுகிறவர்கள் இரண்டு பெண்கள், இருவரும் முறையாகக் கற்றவர்கள். வயலின் ஒரு கல்லூரிப் பையன். மிருதங்கம் நான். கேட்க வருபவர்களில் பாதிப் பேருக்கு ராகத்தின் பெயர் தெரியாது. ஆனால் பேசாமல் உட்கார்ந்து கேட்பார்கள், அதுதான் எங்கள் பலம்.

நான் போட்டு வைத்திருக்கும் பட்டியல்: வாதாபி கணபதிம் (ஹம்ஸத்வனி), ஸ்ரீ ஸுப்ரஹ்மண்யாய நமஸ்தே (காம்போஜி), அகிலாண்டேச்வரி (த்விஜாவந்தி), ரங்கபுர விஹார (பிருந்தாவன ஸாரங்கா), அன்னபூர்ணே (ஸாமா), மாமவ பட்டாபிராம (மணிரங்கு), பாலகோபால (பைரவி), நீரஜாக்ஷி காமாக்ஷி (ஹிந்தோளம்), கமலாம்பா நவாவரணத்தில் (திருவாரூர் கமலாம்பாள்மேல் உள்ள கிருதித் தொகுப்பு) ஏதாவது ஒன்று, கடைசியில் மீனாக்ஷி மே முதம் (பூர்விகல்யாணி).

பாடுகிறவர்கள் இருவருக்கும் இந்தப் பட்டியலில் ஒத்துப்போகவில்லை. ஒருவர் எல்லாரும் அறிந்த பாட்டாக இருக்கட்டும் என்கிறார். மற்றவர், இன்றைக்குப் பாடாவிட்டால் வேறு என்றைக்கு நவக்கிரக கிருதியும் பஞ்சபூத லிங்க கிருதியும் பாடுவது என்கிறார். தீட்சிதர் பாட்டுகளிலேயே மிக அழகானவை என்று நீங்கள் கருதும் பத்தைச் சொல்லுங்கள். ஏன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இங்கே வாதம் சீக்கிரம் முடியும்.

பாட்டுவகுப்பு எழுதியது:

குடியிருப்பில் குழந்தைகள் இருப்பார்களே, அவர்களுக்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள். நொட்டு ஸ்வர சாஹித்யம் இரண்டு பாடச் சொல்லுங்கள். 'சக்தி ஸஹித கணபதிம்', 'ச்யாமளே மீனாக்ஷி' இரண்டையும் பத்து நாளில் பிடித்துக்கொள்வார்கள். கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்களின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்குத் தீட்சிதர் ஸம்ஸ்கிருதத்தில் சாஹித்யம் போட்டவை இவை. சுமார் நாற்பது கிடைக்கின்றன, எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில். 'ஸந்ததம் பாஹி மாம்' என்று ஒன்று இருக்கிறது, அது இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. தீட்சிதர் கையில் அம்பாள் பாட்டாகிவிட்டது. பெரியவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

மற்றபடி உங்கள் பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்ரீ ஸுப்ரஹ்மண்யாயவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். காம்போஜி இல்லாமல் தீட்சிதர் கச்சேரியா?

வைணிகம் எழுதியது:

லயப்பிரியன், பத்து வேண்டாம். ஏழு போதும். ஒன்றரை மணியில் தீட்சிதரைப் பத்துப் பாடினால் எல்லாவற்றையும் ஓட்டத்தான் வேண்டியிருக்கும். ஓட்டினால் அவர் பாட்டில் எது அழகோ அதுதான் முதலில் போகும்.

நான் மயிலாடுதுறையில் வீணை சொல்லிக்கொடுக்கிறவள். தீட்சிதரும் வைணிகர். பாலகோபாலவின் சரணத்தில் 'வைணிக காயக குருகுஹ நுத' என்று, குருகுஹ என்ற தம் முத்திரையோடு, தம்மையே அப்படிச் சொல்லிக்கொள்கிறார். அவர் பாட்டின் கட்டு முழுசாகப் புரிவது வீணையில் வைத்துப் பார்க்கும்போதுதான் என்பது என் உறுதியான எண்ணம். வாய்ப்பாட்டில் ஒரு நெடிலை நீட்டினால் மூச்சு உள்ளவரை நிற்கும். வீணையில் மீட்டிய மறுகணமே நாதம் தேயத் தொடங்குகிறது. அது தேய்ந்து முடிவதற்குள் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்து, அதே மீட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட்டுக்கொண்டு வந்தாக வேண்டும். தீட்சிதர் சௌக்கத்தில், அதாவது மெதுவான காலத்தில், வைத்திருக்கும் ஒவ்வொரு நெடிலுக்குள்ளும் இப்படி ஓர் இழுப்பு உண்டு. ராகம் அந்த இழுப்புக்குள்தான் இருக்கிறது. காலத்தை ஏற்றினால் சொல் மட்டும் மிஞ்சும்.

அதனால் நான் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது இதைத்தான்: ஆலாபனை, நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது), ஸ்வரம் எதுவும் இல்லாமல், பல்லவி அனுபல்லவி சரணம் மட்டும் உரிய காலத்தில் பாடினால் அந்தப் பாட்டு நிறைவாக இருக்கிறதா? தீட்சிதருடைய மிகச் சிறந்த பாட்டுகள் அப்படி இருக்கும்.

அந்த அளவில் எனக்கு முதலில் நிற்பது 'ஜம்பூபதே மாம் பாஹி'. யமுனாகல்யாணி. பஞ்சபூத லிங்கங்களுக்கு அவர் செய்த ஐந்தில் அப்புத்தலமான, அதாவது நீருக்குரிய தலமான, திருவானைக்காவுக்கு உரியது. அந்தக் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கருவறைத் தரை தாழ்வாக இருக்கும், லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். இப்போது பாட்டைப் பாருங்கள். பல்லவி 'ஜம்பூபதே' என்று தொடங்குகிறது. அனுபல்லவி 'அம்புஜாஸனாதி' என்று எடுத்து, 'தும்புரு நுத' என்று வந்து, 'அம்புதி கங்கா காவேரி யமுனா' என்று இறங்கி, 'கம்பு கண்ட்யகிலாண்டேச்வரீ ரமண' என்று முடிகிறது. ஜம்பு, அம்பு, தும்பு, அம்பு, கம்பு. நம் தேவாரத்தில் அடிக்கு அடி எதுகை விழுகிற மாதிரியே ஸம்ஸ்கிருதத்தில் விழுகிறது. கடலும் கங்கையும் காவிரியும் யமுனையும் ஒரே வரிக்குள் வந்துவிட்டன. அந்த யமுனாவிலேயே ராகத்தின் பெயரும் ஒளிந்திருக்கிறது. வடநாட்டு யமன் கல்யாணியின் சாயலை அவர் காசியில் சிதம்பரநாத யோகியோடு இருந்த காலத்தில் கேட்டு மனசில் வாங்கியிருக்க வேண்டும். இதெல்லாம் வெறும் சொல்விளையாட்டாக இருந்தால் நான் இவ்வளவு சொல்ல மாட்டேன். 'அம்பு' என்ற ஓசை வரும் ஒவ்வோரிடத்திலும் உதடு மூடித் திறக்கிறது, பாட்டு ஒரு கணம் தங்கி மேலே நகர்கிறது. அந்தத் தங்கலைச் சௌக்கத்தில்தான் கேட்க முடியும்.

சரணத்தில் இன்னொரு வேலை. விபோ, ப்ரபோ, சம்போ, ஸ்வயம்போ என்று அடி முடியும். பிறகு ஸிந்தோ, பந்தோ, பிந்தோ, இந்தோ என்று மாறும். எட்டு விளி. ஒவ்வொன்றின் கடைசி ஓகாரத்திலும் யமுனாகல்யாணியின் வேறொரு பிடி. என்னிடம் கற்பவர்களுக்கு இந்த எட்டு ஓகாரத்தை மட்டும் தனியே எடுத்து வாசிக்கக் கொடுப்பேன். அது கைக்கு வந்துவிட்டால் ராகம் வந்துவிட்டது.

இரண்டாவது பாலகோபால. இதுதான் உங்கள் கச்சேரியின் நடுநாயகமாக இருக்கவேண்டும். பைரவியில் எத்தனையோ பெரிய பாட்டுகள் இருக்கின்றன, ஆனாலும் இதன் சரணத்தைப் போல ஒன்று இல்லை. சாணூர மல்ல, மாணிக்ய மகுட, வாணீசார்ச்சித, ஆணவாதி, த்ரோண கர்ண, வைணிக காயக: அடிதோறும் இரண்டாம் எழுத்தில் ணகரம் விழுந்துகொண்டே வருகிறது. அந்த வரிசையின் கடைசியில்தான் தம் வீணையைக் கொண்டுவந்து வைக்கிறார். சாணூரனை வதைத்ததும் திரௌபதியின் மானம் காத்ததும் சொல்லிவிட்டு, அதே அடுக்கில் 'வைணிக காயக' என்கிறார். பாடுகிறவர்கள் அந்த இடத்தை விழுங்காமல் பாடவேண்டும். டி.கே. பட்டம்மாள் பாடிய பதிவு கிடைத்தால் கேட்கச் சொல்லுங்கள். அவர் தீட்சிதர் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதரிடம் கற்றவர், சொல் ஒவ்வொன்றும் அப்படித் தெளிவாக விழும். உரிய காலத்தில் பாடினால் கால் மணி நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

லயப்பிரியன், நீங்கள் மிருதங்கம் என்பதால் உங்களுக்குத் தனியாக ஒன்று. தீட்சிதர் பாட்டில் சரணத்தின் கடைசியில், சிலவற்றில் அனுபல்லவியிலும், மத்யமகால சாஹித்யம் வரும். அதுவரை இரண்டு மாத்திரைக்கு நின்ற சொல் ஒரு மாத்திரையில் ஓடும். தாளம் மாறாது, சொல்லின் நெருக்கம்தான் மாறும். அங்கே வேகம் வந்துவிட்டது என்று நினைத்துப் பலர் தாளத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். நீங்கள் தள்ளாமல் நின்றாலே பாதி அழகு கிடைத்துவிடும். பல்லவியை எடுக்கும்போதே மனசுக்குள் மத்யமகால வரியை ஒருதரம் சொல்லிப் பார்த்துக் காலப்பிரமாணத்தை நிர்ணயம் செய்துகொள்ளுங்கள். சொற்கள் இடிபடாமல் எந்த வேகத்தில் ஓடுமோ, அதில் பாதிதான் பல்லவியின் வேகம்.

நவாவரணத்தில் ஏதாவது ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனந்தபைரவியில் உள்ள முதல் ஆவரணத்தைப் பாடுங்கள், 'கமலாம்பா ஸம்ரக்ஷது மாம்'. தியான கிருதி தோடி, பிறகு ஆனந்தபைரவி, கல்யாணி, சங்கராபரணம், காம்போஜி, பைரவி, புன்னாகவராளி, ஸஹானா, கண்டா, ஆகிரி, கடைசியில் ஸ்ரீராகத்தில் மங்களம்; ஒவ்வொன்றையும் பற்றி ஒரு நாள் பேசலாம். வேற்றுமை உருபுகளை வரிசையாக முதல் எட்டில் வைத்து, ஒன்பதாவதில் எல்லாவற்றையும் சேர்த்திருப்பதையும் ஸ்ரீவித்யா உபாசனை முறையையும் விளக்கிப் புத்தகங்கள் இருக்கின்றன. கேட்பவருக்கு அது எதுவும் தெரியவேண்டியதில்லை. ஆனந்தபைரவி காதில் விழுந்தால் போதும். அனுபல்லவியில் 'ஸுமனஸாராதிதாப்ஜமுகீ' என்று தொடங்கி, ஸகீ, ஸுகீ என்று அடுக்கி, 'தார பஞ்சர சுகீ' என்று முடிக்கிறார். பிரணவம் என்ற கூண்டுக்குள் இருக்கும் கிளியாம் அம்பாள். அந்த 'சுகீ'யில் ஈகாரத்தை எவ்வளவு மெதுவாக இறக்குகிறார்களோ அவ்வளவு அழகு. மிச்ர சாபு தாளத்தில் அதற்கு இடம் நிறைய இருக்கிறது.

எனக்கு மிகவும் உயிரானது எட்டாவது, கண்டா ராகத்தில் உள்ள 'ஸ்ரீ கமலாம்பிகே அவாவ'. ஆனால் அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கண்டாவில் ஒரு அனுஸ்வரம் (ஸ்வரத்தை ஒட்டி வரும் நுண்ணிய ஸ்வரம்) பிசகினால் வேறு ராகத்தின் வாசலில் போய் நின்றுவிடும். நேரில் ஒருவரிடம் வருஷக்கணக்கில் பாடாந்தரம் செய்யாமல் சபையில் வைக்கக்கூடாத பாட்டு. ஆகிரியும் அப்படியே. காலையில் ஆகிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தப் பயத்தாலேயே ஒரு மகத்தான பாட்டு மேடையில் அபூர்வமாகிவிட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நான்காவது 'ஆனந்த நடன ப்ரகாசம்', கேதாரம், சிதம்பரத்துக்கு. 'குஞ்சிதாப்ஜ சரணம்' என்று தூக்கிய திருவடியில் அனுபல்லவி வந்து நிற்கும் இடத்துக்காகவே பாடலாம். அதிகம் விளக்க வேண்டாம், பாடினால் தெரியும்.

அகிலாண்டேச்வரியை எடுத்துவிட்டு, அதே த்விஜாவந்தியில் 'சேத: ஸ்ரீ பாலக்ருஷ்ணம் பஜரே' வையுங்கள். அகிலாண்டேச்வரி இனிமையான பாட்டுதான், ஆனால் அது தொடங்கும்போதே தன் இனிமையை எல்லாம் கொடுத்துவிடுகிறது. சேத: ஸ்ரீயில் இரண்டு காந்தாரங்களும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வருகிற மாதிரி மெதுவாக வெளிப்படும். திருவானைக்கா அம்பாளை விட்டுவிட்டோமே என்று யாரும் குறைப்பட வேண்டாம். ஜம்பூபதேயின் அனுபல்லவி முடிவதே அவள் பெயரில்தான்.

தொடக்கத்துக்கு வாதாபிக்குப் பதிலாக 'ஸ்ரீ மஹா கணபதிரவது மாம்', கௌளை. சின்னது, கம்பீரமானது. ஹம்ஸத்வனி தீட்சிதரின் தகப்பனார் ராமஸ்வாமி தீட்சிதர் உண்டாக்கிய ராகம் என்ற பெருமை எனக்கும் தெரியும். ஆனால் வாதாபியை யார் எடுத்தாலும் சங்கதி மேல் சங்கதியாக வேகம் கூடிவிடுகிறது. பிறகு அன்றைய கச்சேரி முழுக்க அந்த வேகம் இறங்காது.

கடைசியில் மீனாக்ஷி. அதில் மாற்றம் வேண்டாம். ஏழு ஆகிவிட்டது.

இன்னும் இரண்டு வார்த்தை. 'த்யாகராஜ யோக வைபவம்' பற்றி யாராவது இங்கே சொல்வார்கள் என்று தெரியும். த்யாகராஜ யோக வைபவம், அகராஜ யோக வைபவம், ராஜ யோக வைபவம், யோக வைபவம், வைபவம், பவம், வம் என்று கோபுச்ச யதியில் சுருங்கி, அப்புறம் சம், ப்ரகாசம், ஸ்வரூப ப்ரகாசம் என்று விரியும். பிரமிப்பான வேலை. அதைக் கேட்கும்போது எனக்கு அவருடைய புத்தியின்மேல் மரியாதை வருகிறது. ஜம்பூபதேயில் அந்தப் புத்தியே கண்ணில் படாமல் பாட்டுக்குள் கரைந்திருக்கிறது. எங்கள் ஊர் அபயாம்பிகைக்கு அவர் செய்த கிருதிகளையும் ஒரு வருஷம் எடுத்துப் பாடுங்கள். கல்யாணியில் 'அபயாம்பா ஜகதம்பா' எவ்வளவு பெரிய பாட்டு, அதைக் கேட்கவே முடிவதில்லை.

மூலப்பாடம் எழுதியது:

வைணிகம் அவர்கள் அகிலாண்டேச்வரியைத் தள்ளச் சொன்னதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. தீட்சிதர் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட 'ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'யில் அந்தப் பாட்டு கிடையாது. சேத: ஸ்ரீ உண்டு. ப்ரதர்சினியில் இருப்பவை 229 தீட்சிதர் உருப்படிகள், கமகக் குறிகளோடு (ஸ்வரத்தை எப்படி அசைப்பது என்ற குறிகள்), குடும்பத்தில் வந்தபடி. தீட்சிதர் நினைவுநாளில் பாடும்போது அந்த 229க்குள்ளேயே நிற்கலாமே? அழகு என்பது ஆளுக்கு ஆள் மாறும், மூலம் மாறாது.

இன்னொன்று: மீனாக்ஷி மே முதம் பாட்டின் ராகத்தைப் பூர்விகல்யாணி என்று அறிவிக்காதீர்கள். தீட்சிதர் மரபில் அது கமகக்ரியா. சரணத்திலேயே 'வீணா கான தச கமக க்ரியே' என்று முத்திரை இருக்கிறது.

ஆரூரான் எழுதியது:

திருவாரூரிலிருந்து எழுதுகிறேன். நவராத்திரியில் நாளுக்கு ஒரு ஆவரணமாகப் பாடுவதைக் கேட்டே வளர்ந்தவன். வைணிகம் அம்மா ஆனந்தபைரவியைச் சொன்னது சரி. கமலாம்பாள் எங்கள் கோயிலில் தனிச் சந்நிதியில் கால்மேல் கால் போட்டு யோக நிலையில் உட்கார்ந்திருப்பாள். அந்த உருவத்துக்கு ஏற்ற நிதானம் அந்தப் பாட்டில் இருக்கிறது.

ஆனால் ஸ்ரீராகத்தில் உள்ள 'ஸ்ரீ கமலாம்பிகே சிவே'யையும் சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அத்தனை பெரிய பாட்டுகளை எல்லாம் பாடி முடித்துவிட்டு, கண்ட ஏக தாளத்தில் இவ்வளவு சுருக்கமாக ஒரு மங்களம். லலிதே, விநுதே, ஸிதாஸிதே, சிவஸஹிதே என்று அடுக்கடுக்காக விழும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். ராகம் தெரியாதவர்களுக்கும் இது உடனே பிடிக்கும், எங்கள் வீட்டுப் பிள்ளைகளே சாட்சி.

லயப்பிரியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வைணிகம் டீச்சர் எழுதியதைப் பாடுகிறவர்கள் இருவருக்கும் காட்டினேன். பாலகோபாலவுக்கும் ஜம்பூபதேவுக்கும் இருவரும் சம்மதித்துவிட்டார்கள். மத்யமகாலத்தை மனசில் சொல்லிப் பார்த்துவிட்டுப் பல்லவி எடுக்கச் சொன்னதை நேற்றே செய்து பார்த்தோம். நாங்கள் வழக்கமாக எடுக்கும் காலத்தைவிடக் கணிசமாகக் கீழே வந்தது. முதலில் பாடுகிறவருக்கு மூச்சு போதவில்லை, பிறகு பழகிவிட்டது.

இரண்டு கேள்வி. கௌளைக்கு அடுத்து நேராக யமுனாகல்யாணி போகலாமா? இரண்டாவது, மீனாக்ஷி மே முதத்துக்கும் தீட்சிதரின் கடைசி நாளுக்கும் உள்ள தொடர்பை முன்னுரையாகச் சொல்லலாமா, அல்லது பாட்டு மட்டும் போதுமா?

ஸ்ரீ ஸுப்ரஹ்மண்யாயவை விட மனசு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வைணிகம் எழுதியது:

மூலப்பாடம், ஆதாரத்தில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ப்ரதர்சினியைத் தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட நாள் முதல் அதுதான் நமக்கெல்லாம் அடி. நான் பாடம் சொல்லும்போதும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அழகு ஆளுக்கு ஆள் மாறும் என்பதை நான் ஒப்பமாட்டேன். ஜம்பூபதேயின் அந்த எட்டு ஓகாரம் எந்த ஊரில் யார் காதில் விழுந்தாலும் எட்டு ஓகாரம்தான். கேட்கப் பழகாத காது உண்டு, பழகிய காது உண்டு, அவ்வளவே. கமகக்ரியா என்று அறிவிப்பது சரி, அப்படியே செய்யட்டும்.

லயப்பிரியன், கௌளைக்குப் பிறகு யமுனாகல்யாணி வேண்டாம். கௌளையின் சுத்த ரிஷபம் காதில் நிற்கும்போது கேதாரம் எடுத்தால் நன்றாக வெளிச்சமாகும். கௌளை, கேதாரம், ஆனந்தபைரவி, பிறகு பைரவி. பெரிய பாட்டு முடிந்து உங்கள் தனி ஆவர்த்தனம், பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். அதற்கப்புறம் ஜம்பூபதே. பைரவியின் கனம் இறங்கிய பிறகு யமுனாகல்யாணி தெளிந்த நீராக வரும். பிறகு த்விஜாவந்தி, கடைசியில் மீனாக்ஷி. ஆரூரான் கேட்ட ஸ்ரீராகத்துக்கும் இடம் இருக்கிறது, ஆனந்தபைரவி முடிந்த கையோடு அதைப் பாடிவிடலாம். முதலும் முடிவும் அடுத்தடுத்து வருவது அழகாகவே இருக்கும். குழந்தைகளின் நொட்டு ஸ்வரத்தைக் கச்சேரிக்கு முன்னால் வையுங்கள், நடுவில் வேண்டாம்.

காம்போஜி வேண்டுமானால் பைரவியை விடவேண்டியிருக்கும். இரண்டும் ஒரே மாலையில் இருந்தால் இரண்டில் ஒன்றை ஓட்டித்தான் தீரவேண்டும். நான் பைரவியை விடமாட்டேன். ஸ்ரீ ஸுப்ரஹ்மண்யாய அடுத்து வருகிற கந்த சஷ்டிக்கு இருக்கட்டும். தீபாவளி முடிந்த சில நாளில் சஷ்டி வந்துவிடுகிறது, ஒரு பாட்டுக்காக எல்லாரையும் மறுபடி கூட்டலாம்.

முன்னுரை சொல்லுங்கள், சுருக்கமாக. குடும்ப வழியாக வந்த செய்தி இது: எட்டயபுரத்தில் அந்த நாளில் சீடர்களை மீனாக்ஷி மே முதம் பாடச் சொன்னார், அனுபல்லவியில் 'மீன லோசனி பாச மோசனி' என்ற இடத்தை அவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது உயிர் பிரிந்தது. பாசத்தை அறுப்பவளே என்ற சொல். இதைப் பாட்டுக்கு முன்னால் சொல்லிவிட்டுப் பாடுங்கள். நடுவில் நிறுத்தி அந்த வரியைச் சுட்டிக்காட்டவோ, அங்கே குரலைத் தழுதழுக்க வைக்கவோ வேண்டாம். அந்த வரிக்கு நிரவலும் வேண்டாம். எல்லா வரியையும் போல அதையும் பாடிவிட்டுச் சரணத்துக்குப் போகவேண்டும். சரணத்தில் 'மதுராபுரி நிலயே மணி வலயே' என்று எடுக்கும்போது மதுரை கண்முன் வரவேண்டும். மத்யமகாலம் 'மதுமுரரிபு ஸோதரி சாதோதரி' அந்தக் காலத்திலேயே ஓடட்டும், நீங்கள் சொற்கட்டை நிறைக்காமல் சாஹித்யத்துக்கு இணையாக மட்டும் வாசியுங்கள்.

வயலின் பையனுக்கு ஒரு வேண்டுகோள். பாடுகிறவர் நெடிலில் நிற்கும்போது இடத்தை நிரப்ப ஸ்வரம் தூவவேண்டாம், கூடவே வில்லை இழுத்துக்கொண்டு வரட்டும். வீணையில் கல்பகம் ஸ்வாமிநாதன் வாசித்த தீட்சிதர் பாட்டுகள் பதிவாகக் கிடைக்கின்றன, அவற்றைக் கேட்டால் நான் சொல்லும் இழுப்பு என்னவென்று அவருக்குத் தெரியும்.

ஜம்பூபதே சரணத்தை நான் பிள்ளைகளுக்காக ஸ்வரப்படுத்தி எழுதி வைத்திருக்கிறேன். தனிச்செய்தியில் கேளுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன். பாடுகிறவர்களின் சுருதி என்ன என்பதையும் எழுதுங்கள். ஐந்து கட்டைக்கு மேல் என்றால் த்விஜாவந்தியில் மேல் ஸ்தாயி இடங்களை எப்படி எடுப்பது என்று சொல்கிறேன்.